பாதி பச்சை, பாதி கத்தரிப்பூ

சார், அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்களேன். காத்து நேரா தொண்டையில வந்து அடிக்குது. உங்களுக்குக் காத்து வேணும்னா இடம் மாத்திக்கலாம். ஆனா நான் ஜன்னல் பக்கம் வந்தாலும் ஷட்டரை இறக்கத்தான் இறக்குவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. இது சாதாரணத் தொண்டை இல்லை. முப்பது வருசமா கட்சிக்குக் கொடுத்த தொண்டை. இந்தாங்க, ஒரு துண்டு அதிமதுரம் வாயில போட்டுக்குங்க. பேசற ஆளுக்குத்தான்னு இல்லை, கேக்கற ஆளுக்கும் நல்லது. அரசம்பூண்டி 'இடிமுழக்கம்' ஏகாம்பரம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? நீங்க எந்த ஊரு? ஓ, கோயமுத்தூரா. அதான். அந்தப் பக்கத்துக்குக் கட்சியில வேற ஆளுங்க இருக்காங்க. இந்தப் பக்கம் நாலு தாலுக்காவுல கேட்டுப் பாருங்க, கைக்குழந்தை கூட என் குரல் கேட்டா எழுந்து உக்காரும்.

வந்தவாசிக்குத்தான் நீங்களும் போறீங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். ஒரு பொதுக்கூட்டம். பேசவா போறேன்னு கேக்காதீங்க, அதைக் கடைசில சொல்றேன்.

இந்த பஸ்ஸையே பாருங்க. வெளியில கிளிப்பச்சை, பளபளன்னு. தேர்தலுக்கு முன்னால இதே வண்டி கத்தரிப்பூ கலர், எங்க கட்சிக் கலர். பெயிண்டுதான் மாறிச்சு. உங்க காலுக்குக் கீழ ஓட்டை இருக்கு பாருங்க, அது எங்க ஆட்சியில போட்ட ஓட்டை. போட்டதுன்னா... எங்க ஆட்சியில இருந்த ஓட்டை. அதைத் தொடலை, இப்ப ஆட்சிக்கு வந்தவங்க. ஆனா மேல பூசிட்டாங்க. இதைத்தான் சார் நான் ஊர் ஊராப் போய்ப் பேசினேன்.

'வீட்டுக்கு ஒரு வேலை'ன்னு சொல்லித்தானே ஓட்டு வாங்கினாங்க? வந்து உக்காந்ததும் முதல் உத்தரவு என்ன? பஸ் ஸ்டாண்டு, தண்ணி டேங்க், பார்க்கு கம்பி, பள்ளிக்கூட காம்பவுண்டு, எல்லாத்தையும் பச்சையாக்கு! வேலை எங்கடான்னா, அதுக்கு ஒரு குழு. குழுவுல ஆறு பேரு. ஆறு பேரும் ரிட்டையர் ஆனவங்க. 'தோழர்களே, இந்த அரசு ஆறு பேருக்கு வேலை கொடுத்துவிட்டது! ஆறு பேரும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்!' இந்த வரிக்கு சேத்துப்பட்டுல விசில் பறந்துச்சு. நானே யோசிச்ச வரி. தலைமைக் கழகப் பேச்சாளருங்க எல்லாம் இப்ப எடுத்துப் பேசறாங்க, என் பேரைச் சொல்றதில்லை. பரவாயில்லை, கட்சிதானே.

எங்க ஆட்சியில நீங்க என்ன பேசினீங்கன்னு கேப்பீங்க. கேக்கணும். அப்ப நான் பேசினது, 'வேலை என்ன மரத்திலா காய்க்கிறது, பறித்துக் கொடுப்பதற்கு? ஆற்றல் உள்ளவன் தேடிக்கொள்வான், இல்லாதவன் அரசைத் திட்டுவான்!' அதுக்கும் விசில்தான். தேர்தல் முடிஞ்ச அடுத்த வாரம் வாசல்ல நின்னு புதுப் பேச்சு பழகிட்டிருக்கேன், 'வேலை கொடுக்க வக்கில்லாத உனக்கு நாற்காலி எதற்கு?'ன்னு. என் சம்சாரம் தனபாக்கியம் கதவுகிட்ட நின்னு, "ஏங்க, போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே"ங்கறா. அவளுக்கு அரசியல் தெரியாது சார். அது ஆளுங்கட்சிப் பேச்சு, இது எதிர்க்கட்சிப் பேச்சு. சட்டையை மாத்தினா உடம்பு மாறிடுமா?

எனக்கு ஒரே பையன். நாவரசன்னு பேரு. பேரு வச்சவன் நான். பொறந்த அன்னைக்கு அழுதான் பாருங்க, ஆஸ்பத்திரியே அதிர்ந்துச்சு. சரி, நமக்கு அப்புறம் மேடைக்கு ஆள் வந்தாச்சுன்னு அந்தப் பேரை வச்சேன். அதோட சரி. அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. சோறு வேணுமான்னா தலையாட்டல், வேணாமான்னாலும் அதே தலையாட்டல். டிப்ளமா படிச்சான், எலக்ட்ரிகல். படிச்சுட்டு வீட்டுல உக்காந்திருந்தான். இருபத்தெட்டு வயசு ஆளு, கட்டில்ல படுத்துக்கிட்டு ஃபேனைப் பாத்துட்டிருந்தா பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? நான் வரும்போதும் போகும்போதும் நல்ல வார்த்தைதான் சொல்வேன். 'தேடணும்டா, தேடணும்'னு.

பத்து வருசம் உங்க ஆட்சிதானே, பையனுக்கு ஒண்ணு கேட்டிருக்கலாமேன்னு தோணும் உங்களுக்கு. கேக்கலை சார். கொள்கை. ஒரு தடவை கேட்டேன். சரி, ரெண்டு தடவைன்னு வச்சுக்குங்க. மந்திரி என் தோள்ல கையைப் போட்டு, "அண்ணே, ஆற்றல் உள்ளவன் தேடிக்குவான்னு ஊருக்கே சொல்றீங்க, உங்க பையன் தேடிக்க மாட்டானா"ன்னாரு. பாருங்க, என் வரியை எனக்கே சொல்றாரு. அவ்வளவு தூரம் அவர் மனசுல பதிஞ்சிருக்கு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. வீட்டுல சொன்னேன், தனபாக்கியம் அன்னைக்கு ரசம் வைக்கலை.

இந்த நேரத்துலதான் ஒரு சம்பந்தம் வந்துச்சு. போளூர்ல வரதராசுன்னு, உரக்கடை வச்சிருக்காரு. அவரு பொண்ணு பேரு செண்பகம். பையனும் பொண்ணும் காலேஜ்லயே பழக்கம் போலிருக்கு. எங்க வீட்டுல தலையை மட்டும் ஆட்டற பய, அங்க எப்படிப் பேசினானோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியம்தான். வரதராசு நல்ல மனுசன், ஆனா கறார். "மாப்பிள்ளைக்கு ஒரு வேலைன்னு இருந்தாப் போதும், பெரிசா வேணாம், கேக்கறவங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணு இருக்கணும். ஆவணிக்குள்ள ஆச்சுன்னா நிச்சயம் பண்ணிக்கலாம். இல்லேன்னா செய்யாத்துல ஒரு இடம் கேக்கறாங்க, நான் அதைப் பாக்கணும்"னாரு. பையன் மூஞ்சி செத்துப் போச்சு. அவன் அந்தப் பொண்ணு மேல உசுரா இருந்தான் சார். அதைச் சொல்றதுக்குக் கூட அவனுக்கு வாய் வரலை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கற சத்தம்தான் கேக்கும்.

அப்பதான் திடீர்னு வேலை கிடைச்சுடுச்சு! ஆனி மாசம். தனபாக்கியம்தான் சொன்னா. "ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியாம், சூப்பர்வைசர் மாதிரியாம்." எந்தக் கம்பெனின்னேன். "மெஷின் கம்பெனி"ன்னா. காலையில டிபன் பாக்ஸோட கிளம்பிடுவான், சாயங்காலம் வந்து நேரா கிணத்தடிக்குப் போய் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பான். வரதராசு சந்தோஷமாகி ஆவணியில நாள் குறிச்சுட்டாரு. நான் மேடையிலயே சொன்னேன், 'இந்த அரசை நம்பாமல் தனியார் நிறுவனத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறான் என் மகன்!' அதுக்கும் கைதட்டல்தான். முன் வரிசையில நாலு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. பொறாமை.

நான் கவனிக்காம இல்லை சார். அவன்கிட்ட மண்ணெண்ணெய் வாசனை அடிச்சுது. கேட்டேன். "மெஷினைத் துடைப்பாங்க"ன்னா தனபாக்கியம். ஒருநாள் காதுக்குப் பின்னால பச்சையா ஒரு கறை. "கீரைங்க"ன்னா. காதுக்குப் பின்னால எப்படிடீ கீரை போகும்னேன். "நீங்க காலங்காத்தால கத்தற கத்துல தட்டுல இருக்கறதெல்லாம் தெறிக்குது"ன்னா. இருக்கலாம். என் குரல் அப்படி. அவன் இட்லியைக் குனிஞ்சு தின்னுட்டிருப்பான், நான் வாசல்ல நின்னு 'பச்சை பூசும் அடிமைகளே!'ன்னு ஏத்தி ஏத்திப் பழகுவேன். அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். மெய்மறந்து கேக்கறான்னு நினைச்சுப்பேன்.

என் பேச்சுல ஒரு வித்தை இருக்கு சார். கூட்டத்துல ஒரு ஆளைப் பிடிச்சுக்கறது. சும்மா எல்லாரையும் பாத்து 'மக்களே, மக்களே'ன்னா யாருக்கும் உறைக்காது. ஒரு ஆளு வேணும். 'ஏம்மா, முருங்கைக்காய் விக்கிற அம்மா, உன் பிள்ளைக்கு வேலை கிடைத்ததா?' அந்தம்மா 'இல்லை சாமி'ன்னு கையை விரிக்கும். போதும், கூட்டம் நம்ம கையில. இந்த வித்தையில எனக்கு மிஞ்சின ஆளு இந்த ஜில்லாவுல கிடையாது.

ஆடியில எங்க ஊர்லயே கண்டனக் கூட்டம் வச்சாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம், தண்ணி டேங்குக்கு நேர் எதிர மேடை. இடம் நான்தான் சொன்னேன். டேங்குல சாரம் கட்டி, கயித்துல தொங்கிக்கிட்டு ரெண்டு மூணு பசங்க பச்சை அடிச்சிட்டிருந்தாங்க. பாதி அடிச்சாச்சு, பாதி எங்க கத்தரிப்பூ. இதைவிட என்ன சாட்சி வேணும்? எங்க நகரச் செயலாளர் பூபாலன், சின்ன வயசுதான், அவன் மட்டும் "அண்ணே, மார்க்கெட் பக்கம் வச்சுக்கலாமே, இங்க வேணாமே"ன்னு இழுத்தான். ஏண்டான்னா காரணம் சொல்லாம முழிக்கறான். எனக்கு வர்ற கைதட்டல் அவனுக்கு ஆகாது.

பேச ஆரம்பிச்சேன். அன்னைக்குன்னு பாத்து கீழே ஒரு ஆளு சிக்கலை. முருங்கைக்காய் அம்மாவைக் கேட்டா, "எம் பையன் பச்சைப் பெயிண்டுக்குத்தான் சாமி போறான், நல்லாத்தான் கீறான்"னுடுச்சு. டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினா, பாய்லர் பின்னால குனிஞ்சுக்கிட்டாரு. சரின்னு மேல பாத்தேன். டேங்குல ஒருத்தன், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, மும்முரமா பூசிட்டிருக்கான். விடுவேனா?

'ஏ தம்பி! வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்குகிற தம்பி!'ன்னேன்.

அவன் திரும்பலை. கூட்டத்துல லேசா சிரிப்பு. எனக்கு சூடு ஏறிடுச்சு.

'உன்னைப் பெற்றவன் உன்னை எதற்குப் படிக்க வைத்தான்? பச்சை பூசவா? உன் தகப்பனுக்கு வெட்கம் இல்லையா? மானம் இல்லையா?'

சிரிப்பு ஜாஸ்தியாவுது. பெஞ்சுல உக்காந்தவன் எல்லாம் எழுந்து நிக்கறான். பெண்டுங்க முந்தானையை வாயில வச்சுக்கறாங்க. முப்பது வருசத்துல அப்படி ஒரு சிரிப்பு நான் பாத்ததில்லை. பூபாலன் பின்னால இருந்து என் வேட்டியைப் பிடிச்சு இழுக்கறான், "அண்ணே விட்டுடுங்கண்ணே, விட்டுடுங்கண்ணே"ன்னு. சும்மா இருடான்னு கையைத் தட்டிவிட்டேன்.

'எங்கே அந்தத் தகப்பன்? எங்கே ஒளிந்திருக்கிறான்? அழைத்து வா அவனை! இந்த மேடைக்கு அழைத்து வா! நான் கேட்கிறேன் நாலு கேள்வி!'

அப்ப அவன் திரும்பினான் சார். பிரஷ்ஷை டப்பா மேல வச்சான். தலைத்துண்டை அவிழ்த்தான்.

"எங்கப்பா மைக்குல பேசிட்டிருக்காரு"ன்னான்.

மைக் இல்லாம சொன்னான். பஸ் ஸ்டாண்டு கடைசில நின்ன ஆட்டோக்காரனுக்குக் கூடக் கேட்டுச்சு.

என் பையன். ராணிப்பேட்டையில இருக்க வேண்டியவன். ஊரே உருண்டு உருண்டு சிரிக்குது. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, என்னைத் தவிர. நான் சுதாரிச்சுக்கிட்டு, 'பார்த்தீர்களா தோழர்களே, எதிர்க்கட்சிக்காரன் மகனையே இந்த அரசு...'ன்னு ஆரம்பிக்கறேன், மைக் செட்டு ஆளு சிரிச்ச சிரிப்புல ஒயரைப் பிடுங்கிட்டான் போல. என் குரல் எனக்கே கேக்கலை. அவன் குரல் கேக்குது.

"உங்க ஆட்சியில பத்து வருசம். வேலை கேட்டா தேடிக்கணும்னீங்க. தேடிக்கிட்டேன்பா. இப்ப அதுக்கும் மானம் போச்சுங்கறீங்க. பச்சை அடிச்சா அடிமைன்னா, கத்தரிப்பூ அடிச்சா யாருப்பா? இந்த டேங்குக்குக் கத்தரிப்பூ அடிச்சதும் நான்தான். அன்னைக்கு இதே இடத்துல நின்னுதான் நீங்க பேசினீங்க. 'என்ன நேர்த்தி, எந்தக் கலைஞனின் கையோ'ன்னு."

பேசினேன் சார். நிஜம்தான். ரெண்டு வருசம் முன்னால திறப்பு விழாவுல. அந்த நேரம் அவன் ஆரணிக்கு டைப்பிங் கிளாஸ் போறான்னு தனபாக்கியம் சொல்லியிருந்தா.

கூட்டம் கைதட்டுச்சு பாருங்க. எங்க கட்சிக்காரனே தட்டறான். நான் கூட்டம் சேத்து, நான் மேடை போட்டு, எனக்குன்னு வந்த கைதட்டல் மேல சாரத்துக்குப் போயிடுச்சு. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அந்தக் கோவத்துலயும் ஒண்ணு கவனிச்சேன். 'கத்தரிப்பூ அடிச்சா'ன்னு சொல்லிட்டு ஒரு நிறுத்தம் விட்டான் சார். ஒரே ஒரு மூச்சு. அப்புறம்தான் 'யாருப்பா'ன்னான். அந்த நிறுத்தத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எனக்கே அது கைவர்றதுக்கு எத்தனையோ மேடை ஆச்சு.

வீட்டுக்கு வந்து தனபாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ஏண்டி எங்கிட்ட மறைச்சேன்னேன். "சொன்னா மேடையில பேசுவீங்க, சொல்லலேன்னாலும் மேடையிலதான் பேசினீங்க, எனக்கு என்ன வித்தியாசம்"ங்கறா. என்ன பேச்சு பாருங்க.

ஆனா சார், அந்தக் கூட்டம் வீண் போகலை. எங்க ஊரு மாதிரி ஊர் ஊரா கண்டனம் நடந்து, சட்டசபையில எங்க ஆளுங்க கேள்வி எழுப்பி, அரசாங்கம் பணிஞ்சுடுச்சு. பெயிண்ட் வேலையெல்லாம் நிறுத்தம்! பூசலாமா வேணாமான்னு ஆராய ஒரு குழு. எங்க டேங்கு அப்படியே நிக்குது, பாதி பச்சை, பாதி கத்தரிப்பூ. பூபாலன் எனக்குப் பொன்னாடை போத்தினான். 'அரசையே பணிய வைத்த குரல்'னு போஸ்டர் அடிச்சாங்க. அன்னைக்கு சாயங்காலம் பொன்னாடையோட வீட்டுக்கு வந்தேன். பையன் காலி டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வச்சிட்டிருந்தான். நாளையிலேர்ந்து வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்களாம். போய்க் கட்டில்ல படுத்து ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

பெயிண்ட் வேலைன்னு தெரிஞ்சப்பக் கூட வேலைதானேன்னு விட்ட வரதராசு அடுத்த நாளே போன். "உங்க வெற்றிக்கு வாழ்த்துங்க. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்."

பையன் ரெண்டு நாள் சாப்பிடலை. அந்தப் பொண்ணு போன்ல அழுவுதாம். பொன்னாடை ஆணியில தொங்குது, அதைப் பாக்கப் பிடிக்கலை. நேரா பூபாலன்கிட்ட போனேன். உடனே ஒரு கண்டனக் கூட்டம் போடுன்னேன். எதுக்குண்ணேன்னான். பெயிண்ட் வேலையை நிறுத்தினதுக்குன்னேன். "அண்ணே, நிறுத்தச் சொன்னதே நாமதானே"ன்னான். 'அதுக்கென்ன? ஏழை இளைஞர்களின் கையில் இருந்த பிரஷ்ஷையும் பிடுங்கிய அரசே!' பேசிக் காட்டினேன். அவன் அங்கயே மேலிடத்துக்குப் போன் போட்டான். அங்க ஏத்துக்கிட்டாங்க சார்! ரொம்ப நல்லா இருக்கு, எல்லா ஊர்லயும் வைங்கன்னுட்டாங்க. அதே டேங்கு, அதே மேடை, அதே மைக் செட்டு. 'கொடுத்த வேலையைப் பறிப்பதற்கா உனக்கு ஓட்டு?'ன்னு இடிச்சேன். கூட்டத்துல ஒருத்தனாவது போன தடவை என்ன பேசினேன்னு கேக்கணுமே? கேக்கலை. முருங்கைக்காய் அம்மா மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு கையைத் தட்டுச்சு. அதோட பையனுக்கும் வேலை போயிடுச்சு பாவம்.

பையனுக்காகத்தான் பேசினீங்களான்னு கேக்கறீங்களா? சேச்சே. கட்சி முடிவு சார் அது.

ஆனா எங்க கண்டனத்துக்குப் பலன் வர்றதுக்குள்ள ஆளுங்கட்சிக்காரங்க முந்திக்கிட்டாங்க. டேங்குல அவன் பேசினதை எவனோ செல்லுல பிடிச்சு அனுப்பியிருக்கான். அது அங்க சுத்தி இங்க சுத்தி ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் கண்ணுல பட்டிருக்கு. ஒருநாள் காலையில எங்க வாசல்ல ஒரு வெள்ளைக் கார் வந்து நிக்குது. எனக்குத்தான் யாரோ மாலை போட வந்திருக்காங்கன்னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். "நாவரசன் தம்பி இருக்காருங்களா?"ங்கறாங்க. தம்பியாம், 'இருக்காரு'வாம்.

அவங்க கட்சி ஆபீசுல பகல்ல ஒரு வேலை. சாயங்காலம் மேடை. இளம் பேச்சாளர்! சம்பளமும் உண்டு, வழிச்செலவும் உண்டு. கார் வந்த சேதி கேட்ட அன்னைக்கே வரதராசு போன் பண்ணிட்டாரு, "சம்பந்தி, ஆவணி கடைசி முகூர்த்தம் வச்சுக்கலாமா"ன்னு. நிச்சயம் முடிஞ்சுது. போன வாரம்தான். மாப்பிள்ளை பக்கம் கிளிப்பச்சைத் துண்டுக்காரங்க ஒரு பந்தி, என் பக்கம் கத்தரிப்பூ ஒரு பந்தி. வரதராசு ரெண்டு பந்திக்கும் ஓடி ஓடி வடை வச்சாரு.

வீட்டுல அவனும் நானும் பேசிக்கறதில்லை சார். கொள்கை வேற ஆயிடுச்சே. காலையில நான் வாசல்ல நின்னு பழகறேன், அவன் கொல்லையில துவைக்கிற கல்லு மேல நின்னு பழகறான். "முன்னால ஒருத்தர் கத்தறாரு, பின்னால ஒருத்தன் கத்தறான், நடுவுல நின்னு நான் யாருக்குன்னு சோறாக்கறது"ன்னு தனபாக்கியம் தலையில அடிச்சுக்கறா. நான் வேணும்னு கேக்கறதில்லை, காதுல விழுது. என்னையேதான் திட்டறான். என் குரலை அப்படியே எடுத்துப் பேசிக் காட்டறான். இருமறது கூட நான் இருமற மாதிரியே. கொழுப்பைப் பாருங்க! ஆனா தண்ணி குடிக்கிற இடம் தப்பு. வரி முடியறதுக்குள்ள குடிச்சுடறான். கொல்லைக் கதவு வழியா கத்திச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எதிர்க்கட்சிக்காரன் எப்படிச் சொல்றது? தனபாக்கியத்துகிட்ட சொல்லிவிட்டேன். அவ போய்ச் சொன்னாளா இல்லையான்னு தெரியலை.

எனக்கு இப்ப கட்சியில கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்காங்க. நானா கேக்கலை, அவங்களா கொடுத்தாங்க. "அண்ணே, அப்பனும் பிள்ளையும் எதிரும் புதிரும் பேசினா ஜனங்க சிரிக்குது"ன்னான் பூபாலன். சிரிச்சா நல்லதுதானேடா, கூட்டத்துக்கு அதுதானே வேணும்னேன். வீட்டுக்கு ஒரு வேலைன்னு அவங்க சொன்னதை நான் எத்தனை மேடையில கிழிச்சிருப்பேன். எங்க வீட்டுக்கு ஒண்ணு வந்துடுச்சு சார். என்ன, வீட்டுல ஏற்கெனவே இருந்த வேலை அது.

இதோ, வந்தவாசி வந்துடுச்சு. கோட்டைப் பக்கம்தான் கூட்டம். ஆளுங்கட்சிக் கூட்டம். ஆமா சார், பேசறது அவன்தான். வெளியூர்ல, பெரிய மேடையில அவனுக்கு இதான் முதல் தடவை. நான் வர்றது அவனுக்குத் தெரியாது. பையைப் பாக்கறீங்களா? கட்சித் துண்டுதான், மடிச்சு அடியில வச்சிருக்கேன். இந்த ஊர்ல ஓரமா நின்னா என்னை அடையாளம் தெரியாது. எதிரி என்ன பேசறான்னு தெரிஞ்சாத்தானே நாம பதில் சொல்ல முடியும்? குறிப்பெடுக்கப் போறேன். பேனாவா? பேனா எதுக்கு, மனசுலதான்.

நீங்க லாட்ஜுக்குத்தானே போறீங்க, அவசரம் இல்லையே? எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும் சார். கூட்டத்துக்கு வாங்க. முன்னால இடது பக்கமா நின்னுக்குங்க, மேடையிலேர்ந்து பாத்தா அந்த மூலைதான் முதல்ல கண்ணுல படும். புது ஊர்ல, புது ஆளு பேசும்போது முதல் கைதட்டு விழற வரைக்கும் கால் நடுங்கும் சார். எனக்கும் முதல் மேடையில நடுங்குச்சு, யாரும் தட்டலை, இன்னைக்கு வரைக்கும் மறக்கலை. ஒருத்தர் ஆரம்பிச்சுட்டாப் போதும், மத்தவங்க தட்டிடுவாங்க. நான் தட்டக் கூடாது, கட்சி இருக்கு. நீங்க தட்டுங்க.

எங்கேன்னு சொல்றேன், நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. 'என்னைப் பெற்றவர் கேட்டார், உன் தகப்பனுக்கு வெட்கம் இல்லையா என்று'ன்னு சொல்லி ஒரு நிறுத்தம் விடுவான். அங்க தட்டிடாதீங்க, அவசரப்பட்டா வரி கெட்டுப் போயிடும். அதுக்கு அடுத்த வரிதான் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கறது. அது முடியட்டும். முடிஞ்சதும் தட்டுங்க சார், பலமா.